கடைசிச் சோதனையில் எண்பத்தாறு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். "அந்த ரீச்சரோ? அவ தன்ரை நிழலையும் நம்பமாட்டா." சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்கு லண்டனில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தேன். அதில் பாதிக் காலம், யார் யாருடைய தாளை எட்டிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதிலேயே போனது. சந்தேகப்படுவதை ஒரு கெட்டித்தனமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்டித்தனத்தால் ஒரு பெண்ணுக்குக் கைக்கெட்டிய இடம் போனது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். பின்னத்தையும் விகிதத்தையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது உங்களுக்கே வரும்.

எண்பதுகளின் கடைசி. கிங்ஸ்பரியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையம் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹீட்டர், எப்போதும் ஈரமாய்க் கிடக்கும் ஒரு படிக்கட்டு. எங்களிடம் வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஊரில் பட்டம் எடுத்துவிட்டு இங்கே வந்து பெற்றோல் ஸ்டேஷனிலும் கிடங்கிலும் ஷிப்ட் செய்துகொண்டிருந்தவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால் வாழ்க்கை திரும்பிவிடும் என்று நம்பியவர்கள். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். வருடத்தில் ஒரு சில சனிக்கிழமைகளில் மட்டும், பென்சிலும் தாளுமாக நடக்கும். முடிவு தபாலில் வர ஐந்தாறு கிழமை ஆகும்.

நிலையத்தை நடத்தியவரின் பெயரைச் சொல்லமாட்டேன். நாங்கள் எல்லோரும் அவரைப் பிரின்சிப்பல் என்றே கூப்பிட்டோம். ஊரில் ஏழு வருடம் படிப்பித்த என் சான்றிதழை இங்கே ஒரு பள்ளிக்கூடமும் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், என்னைக் கூப்பிட்டு வேலை தந்தவர் அவர்தான். அதனால் எனக்கு அவரில் பெரிய மரியாதை. ஊர் உலகத்தில் எல்லோரையும் சந்தேகிப்பேன், அவரை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

அவருடைய ஏற்பாடு இப்படி. சேர்ந்த முதல் கிழமை ஒரு சோதனை. தேர்வுக்கு ஒரு கிழமை முன்னால் கடைசிச் சோதனை. இரண்டு புள்ளிகளையும் பெயருக்கு நேரே சுவரில் ஒரு பெரிய அட்டவணையில் எழுதிவைப்போம், முதல் புள்ளி சிவப்பில், கடைசிப் புள்ளி பச்சையில். முப்பத்தைந்து எழுபத்தொன்பதாகும், நாற்பது எண்பத்திரண்டாகும். நிலையம் தேடி வருகிறவர்கள் படிக்கட்டு ஏறியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே சேர்ந்துவிடுவார்கள்.

இங்கே எங்கள் சனத்தின் ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் ரியூசன் எடுப்பார்கள், ஒருவரிடம் மற்றவரைப் பற்றி மூச்சும் விடமாட்டார்கள். ஒரு தடவை ஒரு பெண்ணின் படம் இரண்டு நிலையங்களின் துண்டுப் பிரசுரத்தில் ஒரே கிழமை வந்தது. இரண்டு பேரும் தாங்கள்தான் அவளை ஆளாக்கியது என்று போட்டிருந்தார்கள். அவள் இரண்டு இடத்துக்கும் போனவள்தான்! நானும் படிக்கிற காலத்தில் அப்படிக் களவாய் இரண்டு மாஸ்ரரிடம் போனவள். ஆனால் நானே மாஸ்ரர் ஆனபிறகு அது எனக்குத் துரோகமாய்த் தெரிந்தது. என்ன நியாயம் என்று கேட்காதீர்கள்.

நளினியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவளுடைய தமையன். தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு மூலைக் கடை வைத்திருந்தார். நளினிக்கு இருபத்தெட்டு வயது. ஊரில் இரசாயனத்தில் முதல் வகுப்பு, இங்கே ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாலு வருடமாய்க் குழாய் கழுவும் வேலை. பதினொரு பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பத்துப் பேர் பதிலே போடவில்லை. பதினோராவது ஆள் எழுதியிருந்தார், தன் ஆராய்ச்சிக்கு இந்த ஒரு வருடம்தான் ஓர் ஆளைச் சேர்க்க முடியும், தேர்வில் நல்ல புள்ளி வந்தால் நளினியையே சேர்ப்பேன், படிப்புச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று. அந்தக் கடிதம் மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

தமையன் கையில் ஒரு கொப்பி வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் நாலு இடம் போய் விசாரித்திருக்கிறார். சுவரை நிதானமாய்ப் பார்த்துவிட்டுப் பிரின்சிப்பலிடம் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ சேர். இது உங்கடை சோதினையின்ரை மார்க்ஸ். அமெரிக்கன்ரை மார்க்ஸ் எங்கை?"

"தம்பி, எங்கடை சனம் உதுகளைச் சொல்லுமே? ரிசல்ட் வீட்டுக்குத்தான் போகும். நல்ல மார்க்ஸ் எண்டால் கண்ணூறு படும் எண்டு பொத்தி வைப்பினம்."

"கூடாத மார்க்ஸ் எண்டால்?"

"அதையும் பொத்தித்தான் வைப்பினம்!"

எல்லோரும் சிரித்தோம். தமையன் சிரிக்கவில்லை, கொப்பியில் ஏதோ எழுதினார். எல்லாவற்றையும் துருவுகிற பெரிய விடுப்புக்காரன்தான் என்று எனக்கு மனதுக்குள் எரிச்சல். அன்றைக்கு நளினி ஒரு வகுப்பு இலவசமாய் இருந்து பார்த்தாள். அந்த வகுப்பில் பக்கத்து ஆளின் தாளைப் பார்த்து எழுதிய ஒருவரை நான் எழுப்பி வெளியே அனுப்பினேன். முப்பது வயது ஆள், மீசையெல்லாம் வைத்தவர். கதவுக்கு வெளியே நின்ற தமையன் அதைப் பார்த்துவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னார், "இஞ்சையே விடுறன் ரீச்சர். நீங்கள் இருக்கிற இடத்திலை களவு நடக்காது." எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

முதல் சோதனையில் நளினிக்கு முப்பத்தெட்டு. அழவில்லை, ஆனால் பஸ்ஸுக்குப் போகாமல் படிக்கட்டிலேயே கொஞ்சநேரம் இருந்தாள். பிறகு வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்களில் வாரத்துக்கு வாரம் ஏறினாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கணக்கில் ஏறினது சரி, அது நான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் தர்க்கப் பகுதியிலும் ஏறினாள். ஆறு பேர் ஒரு வரிசையில் இருக்கிறார்கள், இவர் அவருக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார், மூன்றாவதாய் இருப்பவர் யார் என்கிற மாதிரிக் கேள்விகள். எங்கள் நிலையத்தில் அதைச் சரியாய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இவளோ ஒரு சின்னக் கட்டம் போட்டு, நடக்காததற்கெல்லாம் ஒரு கோடு இழுத்து, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

எங்கேயோ வினாத்தாள் கசிகிறது என்று முடிவு கட்டினேன். அவளை முன்வரிசையில் இருத்தினேன். கேள்விகளின் ஒழுங்கை மாற்றினேன். அப்போதும் சரியாய்ச் செய்தாள்.

"உந்தக் கட்டம் ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டேன்.

"நானாத்தான் யோசிச்சன் ரீச்சர்."

பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். மச்சாள்காரி, தமையனின் மனைவி, எடுத்தா, சூது வாது தெரியாத மனுசி. "நளினி இல்லை ரீச்சர். இல்ஃபோர்ட்டுக்கு ரியூசனுக்குப் போட்டா. வியாழன் வியாழன் போறவ." பாவம், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தாவோ, இல்லாவிட்டால் இரண்டு ரியூசன்காரரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்று நினைத்தாவோ. ஃபோனை வைத்தபோது என் காது சுட்டது.

இல்ஃபோர்ட்காரர் யார் என்று விசாரித்தேன். மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், பகலில் காப்புறுதிக் கம்பனியில் வேலை, மாலையில் தன் வீட்டு முன்னறையில் மூன்றே மூன்று பேருக்குப் பாடம். பெயர்ப்பலகை இல்லை, துண்டுப் பிரசுரம் இல்லை, சுவரில் அட்டவணையும் இல்லை. மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏன் படிப்பிக்கவேண்டும்? ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் நளினியை மறித்தேன்.

"இல்ஃபோர்ட்டிலை என்ன நடக்குது?"

அவள் முகம் வெளிறிப்போனது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணைதான் விசாரிச்சுக் கண்டுபிடிச்சவர். உங்களிட்டைச் சொன்னால் கோவிப்பியள் எண்டு சொல்லேல்லை. ரீச்சர், அவர் சொல்றார் நான் இன்னும் ரெடியில்லையாம். ஒக்டோபர் சோதினைக்குப் பதிஞ்சிருந்தாலும் போகாமல் விடட்டாம். டிசம்பரிலை எழுதினாலும் பேராசிரியருக்கு ரிசல்ட் கடைசி நேரத்திலையெண்டாலும் போய்ச் சேருமாம். முதல் தரம் குறைஞ்சால் அந்தக் குறைஞ்ச மார்க்ஸும் அவருக்குப் போகும், பிறகு அழிக்க ஏலாது எண்டு சொல்றார்."

இதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் இதையேதான் சொல்லுவேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது வேறு. ஆளைப் பயப்படுத்தி இன்னும் இரண்டு மாதம் தன்னிடம் வைத்திருக்கப் பார்க்கிறான் மனிதன் என்றுதான் கேட்டது. இந்தத் தொழிலில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் சந்திப்பீர்கள்.

"ஒண்டு நான், இல்லாட்டி அவர். ரெண்டு பேரின்ரை கதையையும் கேட்டுக் குழம்பி நிக்க இது நேரமில்லை. நீரே முடிவெடும்."

ஒரு கிழமை கழித்து வந்து சொன்னாள், "இல்ஃபோர்ட்டை விட்டுட்டன் ரீச்சர்." எனக்கு அன்றைக்கு வெற்றி. வெட்கம்கெட்ட வெற்றி.

இனிக் கடைசிச் சோதனை. அது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் என் மடைத்தனம் உங்களுக்கு விளங்கும். முதல் சோதனையின் கொப்பிகளைப் போலவே இதன் வினாக் கொப்பிகளையும் பிரின்சிப்பல் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருப்பார். சோதனையன்று தானே விநியோகிப்பார், முடிந்ததும் தானே எண்ணி வாங்கிக் கடித உறையில் போட்டு ஒட்டிவிடுவார். "எங்கடை ஆக்களைத் தெரியும்தானே ரீச்சர், ஒரு கொப்பி வெளியிலை போனால் அடுத்த கிழமை ரூட்டிங் கடைத்தெருவிலை போட்டோக் கொப்பி அடிச்சு வித்துடுவாங்கள்." ஓமோம் என்று நான் தலையாட்டினேன். இப்படி ஒரு கட்டுப்பாடான இடத்தில் வேலை செய்கிறேனே என்று எனக்குச் சந்தோசமும்கூட. சோதனை நடக்கும்போது நான் வரிசைகளுக்கு நடுவில் நடப்பேன். ஆட்களின் கண் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன், மேசையில் கிடக்கும் கேள்வியை அல்ல. பிறகு விடைத்தாள்கள் மட்டும் என்னிடம் வரும், கூடவே துளை போட்ட ஒரு மட்டை. மட்டையை விடைத்தாளின் மேல் வைத்தால் சரியான விடைக்குரிய இடங்கள் மட்டும் துளைக்குள்ளால் தெரியும். பென்சில் கறுப்பு எத்தனை துளையில் தெரிகிறது என்று எண்ணவேண்டியதுதான். கேள்வியைப் பார்க்கவே தேவையில்லை. மூன்று வருடம் அப்படி எண்ணினேன்.

நளினியின் தாளில் எண்பத்தாறு தெரிந்தது. சந்தேகம் தீர இரண்டாம் தரமும் எண்ணினேன். அப்போதும் எண்பத்தாறுதான்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் அவள் என்னைத் தேடி வந்தாள். வேலை உடுப்போடேயே வந்தாள், கையில் மருந்து மணம். கதிரையில் இருக்கவில்லை.

"ரீச்சர், சனிக்கிழமை போகவோ விடவோ?"

"எண்பத்தாறு எடுத்தனீர். பிறகேன் கேக்கிறீர்?"

"கடைசிச் சோதினை லேசாய் இருந்தமாதிரிக் கிடந்தது, ரீச்சர்."

"படிச்ச ஆக்களுக்கு லேசாய்த்தான் இருக்கும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் நான் ஒன்று செய்திருக்கலாம். பக்கத்து அறைக்குப் போய்ப் பிரின்சிப்பலிடம் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். பத்தடி தூரம். எனக்கு அது தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியது, இல்ஃபோர்ட்காரன் இவள் மனதில் பயத்தை விதைத்துவிட்டான், அதைப் பிடுங்கவேண்டும் என்பதுதான்.

"போம். போய் எழுதும்," என்றேன்.

போய் எழுதினாள். நவம்பரில் முடிவு வந்தது. எனக்கு அது வந்ததே தெரியாது, எங்கள் சனம் சொல்லாதுதானே. சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம் தமையன் படியேறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் மனதுக்குள் பதில்களை அடுக்கிக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. ஒரு கடித உறையை மேசையில் வைத்தார். பேராசிரியர் மரியாதையாய் எழுதியிருந்தார். புள்ளிகள் கிடைத்தன, வருந்துகிறேன், அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், நளினியின் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று.

"டிசம்பரிலை..." என்று தொடங்கினேன்.

"டிசம்பரிலை எழுதி ஆருக்கு அனுப்புறது ரீச்சர்? இடம்தான் போட்டுதே." அவர் உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்டு கேக்கத்தான் வந்தனான். அந்தக் கடைசிச் சோதினையை நீங்கள் ஒருக்காலாவது எழுதிப் பாத்தனீங்களோ?"

நான் பிரின்சிப்பலின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே பிரின்சிப்பலிடம் போனேன். இரண்டு கொப்பியும் வேண்டும், முதல் சோதனையும் கடைசிச் சோதனையும், என்றேன். ஏன் எதற்கு என்று கேட்பார், மழுப்புவார், கோபிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். மனிதன் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார். அவ்வளவுதான்! மூன்று வருடத்தில் எந்த நாள் கேட்டிருந்தாலும் தந்திருப்பார்.

வகுப்பறையில் கதவைச் சாத்திவிட்டு, மணிக்கூட்டை மேசையில் வைத்து, இரண்டையும் எழுதினேன். கடைசிச் சோதனையின் கணக்குப் பகுதிக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தது, எனக்குப் பன்னிரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு. தர்க்கப் பகுதியில் ஆறு பேர் வரிசை இல்லை, மூன்று பேர் வரிசை. பிறகு முதல் சோதனை. நேரம் முடிந்தபோது எனக்கே நாலு கேள்வி மிச்சம் இருந்தது. கணிதத்தில்! என் பாடத்தில்! சுவரில் சிவப்பு பச்சையாகிய மர்மம் அப்போதுதான் விளங்கியது. வந்த அன்றைக்கு மலையைக் காட்டி, போகிற அன்றைக்கு மேட்டைக் காட்டினால் யாருக்குத்தான் புள்ளி கூடாது?

"இது என்ன வேலை சேர்?" என்று போய்க் கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. "ரீச்சர், முதல் நாள் கொஞ்சம் பயந்தால்தான் படிப்பினம். கடைசிக் கிழமை அடி விழுந்தால் உடைஞ்சு போவினம். தைரியத்தோடை அனுப்பவேணும். நான் ஆரையும் ஏமாத்தேல்லை." அதை அவர் நம்பித்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கெட்ட மனிதன் இல்லை. தைரியம் கொடுத்து அனுப்பினார், போன ஆட்கள் விழுந்தார்கள், விழுந்தவர்கள் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை, அட்டவணை சுவரில் பச்சையாய் இருந்தது. அந்த அட்டவணையைக் கழற்றினால்தான் இனி வகுப்புக்கு வருவேன் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கழற்றினார்.

இல்ஃபோர்ட்காரருக்கும் ஃபோன் எடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு கிழமை பிடித்தது. என் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், நளினி உங்க கிளாஸுக்கு வர்றது எனக்கு முதல்லேர்ந்தே தெரியும். கணக்குக்கு அந்தக் கிளாஸ விட்டுடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். உங்க இடத்துல படிச்சவங்க ரெண்டு பேர் முன்னாடி என்கிட்ட வந்தாங்க. கடைசி டெஸ்ட்ல தொண்ணூறு எடுத்தவங்க, நெசமான பரீட்சையில விழுந்துட்டாங்க. அதான் நளினிய டிசம்பர் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன நெனச்சிருப்பீங்க டீச்சர்? உங்க ஆளுங்கள இழுக்கப் பாக்குறேன்னுதானே?"

ஆமாம், அதைத்தான் நினைத்திருப்பேன்.

அதனால் சொல்கிறேன், பிள்ளைகளே. யார் நிலையத்துக்கு நீங்கள் வேலைக்குப் போனாலும் முதல் நாளே அவர்களுடைய சோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கி, மணிக்கூட்டை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள். சேர வருகிறவர் "உண்மையான புள்ளி எங்கே" என்று கேட்டால் சிரிக்காதீர்கள், அவர்தான் அந்த அறையில் விசயம் தெரிந்த ஆள். உங்களிடம் படித்தவர்கள் தேர்வு முடிவோடு திரும்பி வராவிட்டால் கண்ணூறு என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், நீங்கள் தேடிப் போய்க் கேளுங்கள். நான் அதற்குப் பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஃபோன் எடுத்தேன். பலர் திட்டினார்கள். ஒரு மனுசி "பெயிலாப் போனதை ஊருக்குச் சொல்லவோ கேக்கிறியள்?" என்று ஃபோனை அடித்து வைத்தா. பரவாயில்லை.

நளினிக்கு அந்த இடம் திரும்பி வரவில்லை. வேறு பேராசிரியர்களுக்கு எழுதிப் பாரும், நானும் அந்த இல்ஃபோர்ட் மாஸ்ரரும் சேர்ந்து படிப்பிக்கிறோம் என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் வேண்டாம் என்றாள். அதே ஆஸ்பத்திரியில்தான் கடைசி வரைக்கும் இருந்தாள்.

ஆனால் அவள் என்னைத் திட்டியது ஒரே ஒரு தடவைதான், அதையும் திட்டு என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். கொப்பிகளை எழுதிப் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தில் இருந்த தமையனின் கடைக்குப் போனேன். ரயிலும் இரண்டு பஸ்ஸும். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தமையனும் இருந்தார், நளினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். கடைசிச் சோதனை லேசானது, அது எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவேண்டும், பார்க்காமலே உம்மைப் போகச் சொன்னேன், பிழை என்னுடையது. சொல்லி முடிக்க முன்னமே எனக்கு அழுகை வந்துவிட்டது.

நளினி மடிப்பதை நிறுத்தவில்லை.

"லேசு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், ரீச்சர்."

"தெரிஞ்சும் ஏன் போனீர்?"

கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. உண்மையிலேயே எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள்.

"நீங்கள் ஒருத்தரையும் நம்பாத ஆள். என்னை நம்பாமல் வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் பாத்தனீங்கள். அப்பிடிப்பட்ட நீங்கள் அந்தப் பேப்பரை நம்பினால், கிண்டிக் கிளறிப் பாத்துத்தான் நம்பியிருப்பியள் எண்டு நினைச்சுத்தான் போனனான்."